பத்துக்குப் பூஜ்யம்

மூன்றாவது திரையைப் பிடுங்கியபோது கம்பியும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது.

பாம்புச்செவியார் ஸ்டூலின் மேல் ஒற்றைக் காலில் தள்ளாடினார். ஒரு கையில் திரை, மறு கையில் கம்பி, வாயில் இரண்டு ஆணி. சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பது என்றது. நான்கு மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள்.

"டீச்சர்! பிடி! பிடி!"

சமையலறையிலிருந்து அவருடைய மனைவி நிதானமாக நடந்து வந்தார். முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. கட்டின கணவரும் அதற்கு விலக்கல்ல.

"எதைப் பிடிக்கணும்? உங்களையா, ஸ்டூலையா?"

"ஸ்டூலை!"

"நல்ல யோசனை. ஸ்டூல் பழசானாலும் உறுதியானது."

நான்காவது திரையும் விழுந்தது. பாம்புச்செவியார் இறங்கினார், துணிக் குவியலை வாரித் தாழ்வாரத்தில் எறிந்தார், ஓடிவந்து இசைத்தட்டின் மேல் ஊசியை வைத்தார், தன் நாற்காலியில் விழுந்தார். எல்லாம் ஒரே மூச்சில். அறுபத்தாறு வயது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். முட்டிகள் மட்டும் நம்பும்.

வயலின் ஆரம்பித்தது. பின்னால் பித்தளைத் தாளம்.

"வந்துடுச்சு!" என்று கத்தினார். "அந்த மினுமினுப்பு! அந்தப் பளபளப்பு! அன்னிக்குக் கேட்டேனே, அதேதான்!"

"சந்தோஷம். இப்ப சூப்பர் ட்வீட்டர் ஓடுதா, நின்னுடுச்சா?"

பாம்புச்செவியார் ஸ்பீக்கர் பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை. பத்து நிமிடத்துக்கு முன் அவரேதான் அதன் ஸ்விட்சை அணைத்து வைத்திருந்தார். காற்றுப்போன பந்து மாதிரி முகம் சுருங்கியது.

"நின்னுடுச்சு" என்றார்.

விஷயம் இதுதான்.

இருபத்திரண்டு வருடமாக ஒரு வாரப் பத்திரிகையில் அவர் 'கேட்டது கேட்டபடி' என்று அரைப் பக்கப் பத்தி எழுதிவருகிறார். எந்த ரேடியோ இரைகிறது, எந்த ஸ்பீக்கர் தொண்டை கட்டினவன் மாதிரிப் பேசுகிறது, எந்த ஹெட்போன் காதைக் கவ்வுகிறது என்று பிட்டுப் பிட்டு வைப்பார். 'ஐயாவுக்குப் பாம்புச் செவி' என்று எப்போதோ ஒரு வாசகர் எழுதிய கடிதத்திலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் எழுதியது சூப்பர் ட்வீட்டரைப் பற்றி. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி. ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கரின் தலையில் ஏற்றி உட்கார வைக்க வேண்டும். ஸ்பீக்கரால் எட்ட முடியாத உச்சத்திலும் உச்சமான சத்தத்தை அது எட்டும். 'வயதான காதுகளுக்கு இது ஊன்றுகோல். எனக்குச் செவி புதிதாகத் திறந்தது' என்று எழுதிவிட்டார்.

அடுத்த வாரமே ஒரு காது டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது.

'ஐயா, சின்னக் குழந்தையின் காதுக்கு நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுவரை கேட்கும். அறுபதைத் தாண்டிவிட்டால் பத்தாயிரம் கேட்பதே பெரும்பாடு. சூப்பர் ட்வீட்டர் கடையைத் திறப்பதே இருபதாயிரத்துக்குப் பக்கத்தில்தான். உங்கள் கட்டுரையாளர் எதைக் கேட்டார்? அல்லது உங்கள் பத்திரிகைக்கு வௌவால்களும் சந்தா கட்டுகின்றனவா?'

எடிட்டர் அந்தக் கடிதத்தைக் கட்டம் கட்டிப் போட்டார். பிறகு மழைதான். வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். 'காது கேட்காவிட்டாலும் உடம்பு கேட்கும்' என்றது ஒரு கட்சி. 'அப்படியானால் பாட்டை முழங்காலுக்குப் போடுங்கள்' என்றது மறு கட்சி. கடைசியில் எடிட்டர் போன் செய்தார்.

"சார், ஒரு பரீட்சை வெச்சுடுவோம். உங்க வீட்டுலயே, உங்க ஸ்பீக்கர்லயே. டாக்டரும் வர்றாங்க. சூப்பர் ட்வீட்டர் ஆன்ல இருக்கா, ஆஃப்ல இருக்கான்னு பார்க்காம, கேட்டே சொல்லணும். பத்துச் சுற்று. ஜெயிச்சீங்கன்னா பத்தி உங்களுது. இல்லைன்னா..." எடிட்டர் பெருமூச்சு விட்டார். "வார பலனுக்கு இடம் பத்தலைன்னு ரொம்ப நாளா கேட்டுட்டிருக்காங்க சார்."

அந்தப் பரீட்சைதான் இன்று நான்கு மணிக்கு.

மதியம் ஒத்திகை பார்த்தார்கள். டீச்சர் ஸ்விட்சைப் போட்டார், அணைத்தார். பாம்புச்செவியார் கண்ணை மூடிச் சொன்னார். பத்துக்கு ஐந்து. மறுபடி பத்துக்கு ஐந்து. மூன்றாவது தடவை நான்கு.

"காசைச் சுண்டிப் பதில் சொன்னாலே அஞ்சு வரும். நாலு வாங்கத்தான் தனித்திறமை வேணும்" என்றார் டீச்சர்.

"அப்ப அன்னிக்கு எப்படிக் கேட்டுது? சத்தியமா கேட்டுது டீச்சர்! அன்னிக்கு இந்த அறையில வேற என்ன மாறியிருந்துது?"

டீச்சர் யோசித்தார். "அன்னிக்கு நான் ஜன்னல் திரையெல்லாம் கழட்டித் துவைக்கப் போட்டிருந்தேன். ரெண்டு நாளா காயலை."

அடுத்த நொடி பாம்புச்செவியார் ஸ்டூலைத் தேடி ஓடியிருந்தார். மீதியைத்தான் பார்த்தோமே.

தெருவின் இரைச்சல் உள்ளே வரக் கூடாது என்று அவரே தேடித் தேடி வாங்கின திரைகள் அவை. கம்பளி மாதிரித் தடிமன்.

"தடித் துணி உச்ச சத்தத்தை முழுங்கும்னு நூறு தடவை எழுதியிருக்கீங்க" என்றார் டீச்சர். "சொந்த வீட்டுல நாலு பெரிய வாயைத் தொங்கவிட்டிருக்கீங்க. சூப்பர் ட்வீட்டர் காதைத் திறக்கலை. நான்தான் ஜன்னலைத் திறந்தேன்."

"குத்திக் காட்டாதே."

"போன் பண்ணி உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா பத்தி போயிடும் டீச்சர்." அவர் குரல் இறங்கியது. "புதன்கிழமை எழுந்திரிச்சா எழுத ஒரு விஷயம் இருக்கு. அதுக்காக வியாழன்லேருந்து செவ்வாய்வரைக்கும் கேட்க ஒரு விஷயம் இருக்கு. அந்த அரைப் பக்கம் இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்?"

போன மாதம் பத்திரிகைக்கு ஒரு வாரம் விடுமுறை விட்டிருந்தார்கள். அந்த ஒரு வாரமும் இவர் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மிக்ஸியின் சுருதி இறங்கிவிட்டது, குக்கர் விசில் கொஞ்சம் தட்டையாக இருக்கிறது, பாத்திரங்களைச் சத்த வரிசைப்படி அடுக்கலாமே என்று சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சருக்கு அது நினைவு வந்ததோ என்னவோ, சமையலறை வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

வாசல் மணி அடித்தது. நான்கு அடிக்க ஐந்து நிமிடம்.

முதலில் எடிட்டர் நுழைந்தார். பேசும்போது மனிதர்களைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர். அவருக்குப் பின்னால் வார பலன்காரர். தொந்தியும் புன்னகையுமாக, சாட்சிக்கு வந்திருந்தார்.

"ஜெயிச்சு வாங்கண்ணே" என்று பாம்புச்செவியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒருவேளை தோத்தாலும் கவலைப்படாதீங்க. அந்த அரைப் பக்கத்தை நான் கண் மாதிரிப் பார்த்துக்கறேன். ராசிக்கு நாலு வரி கூடும்."

"இந்த வாரம் உங்க ராசிக்கு என்ன போட்டிருக்கீங்க?"

"எதிர்பாராத ஏமாற்றம்னு போட்டிருக்கேன். எல்லா ராசிக்கும் சுத்தி வர்றதுதானே."

மூன்றாவதாக டாக்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் கருவிப் பை, முகத்தில் விஞ்ஞானக் கறார். விறுவிறுவென்று நடந்து வந்தவள், தண்ணீர்த் தட்டோடு எதிரே வந்த டீச்சரைப் பார்த்ததும் ஆணி அடித்தது போல் நின்றாள். கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின.

"டீ... டீச்சர்!"

டீச்சர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "பத்தாம் வகுப்பு, பி பிரிவு."

"ஆமா டீச்சர்."

"கடைசி பெஞ்ச். இடது மணிக்கட்டுல பேனாவால சூத்திரம் எழுதிட்டு வந்தவ."

"அது ஒரே ஒரு தடவைதான் டீச்சர்."

"நான் பிடிச்சது ஒரே ஒரு தடவை."

எடிட்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆரம்பிக்கலாமா?"

முதலில் சும்மா ஒரு சோதனை என்றாள் டாக்டர். பையிலிருந்து ஒரு கருவியை எடுத்து, பாம்புச்செவியாரின் தலையில் ஹெட்போனை மாட்டினாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்க வேண்டும். ஆயிரம் அதிர்வு, விரல் எழுந்தது. நாலாயிரம், எழுந்தது. எட்டாயிரம், பாதி எழுந்து யோசித்து, பிறகு முழுசாக எழுந்தது. பத்தாயிரம், விரல் தூங்கியது. பன்னிரண்டாயிரம், நல்ல தூக்கம்.

திடீரென்று விரல் கம்பீரமாக எழுந்தது.

"கேட்குதா சார்?"

"துல்லியமா!"

"நான் மிஷினை அணைச்சுட்டேன் சார்."

எடிட்டர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். வார பலன்காரர் ஆள்காட்டி விரலால் காற்றில் ஏதோ அளந்தார். அரைப் பக்கத்தின் நீளமாக இருக்கலாம்.

"பரவாயில்லை, உங்க வயசுக்கு நல்ல காதுதான்" என்றாள் டாக்டர். "இப்ப நிஜப் பரீட்சை. ஸ்விட்சோட கம்பியை நீளமா இழுத்துச் சமையலறையில வெச்சுடலாம். அங்க ஒருத்தர் கதவை ஒருக்களிச்சுச் சாத்திட்டு உட்காரணும். காசு சுண்டணும். பூ விழுந்தா ஆன், தலை விழுந்தா ஆஃப். ஸ்விட்சைப் போட்டுட்டு, என்ன போட்டோம்னு ஒரு தாள்ல எழுதிக்கணும். எனக்கும் தெரியக் கூடாது. எனக்குத் தெரிஞ்சா என் முகத்தைப் பார்த்து சார் கண்டுபிடிச்சுடுவார்."

"அந்த வேலையை நான் பார்க்கறேன்" என்று எழுந்தார் வார பலன்காரர்.

"இவரா!" பாம்புச்செவியார் நாற்காலியிலிருந்து துள்ளினார். "நான் தோத்தா இவருக்கு அரைப் பக்கம்! பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கிற மாதிரி இருக்கு!"

"அப்ப எடிட்டர் சார்?"

"எனக்கு ஆன், ஆஃபே குழம்பும்" என்றார் எடிட்டர். "வீட்டுல ஃபேன் ஸ்விட்சே இன்னும் பிடிபடலை."

டாக்டர் டீச்சரைப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

"டீச்சர் இருக்கும்போது வேற ஆள் எதுக்கு? பரீட்சைக் கூடத்துல டீச்சர் இருந்தா ஈ கூடப் பக்கத்து ஈயைப் பார்க்காது."

"இவளா?" பாம்புச்செவியார் நிஜமாகவே அலறினார். "டாக்டரம்மா, அரை மார்க் குறைஞ்சதுக்கு சொந்தத் தம்பியையே ஃபெயில் போட்டவ இவ!"

"ரொம்ப நல்லது" என்றாள் டாக்டர். "டீச்சர், தயாரான உடனே குரல் கொடுக்காதீங்க. குரல்ல ஏத்த இறக்கம் வந்தா அதுவே துப்பு கொடுத்துடும். கரண்டியால கதவுல ஒரே ஒரு தட்டு. பத்துச் சுற்றுக்கும் ஒரே மாதிரித் தட்டு."

"பரீட்சை எப்படி நடத்தறதுன்னு நீ எனக்குச் சொல்றியா?"

"இல்லை டீச்சர். மன்னிச்சுக்குங்க டீச்சர்."

டீச்சர் ஒரு நாணயம், ஒரு கரண்டி, ஓரம் மடித்த ஒரு வெள்ளைத்தாள், இவற்றோடு சமையலறைக்குள் போனார். கதவு ஒருக்களித்தது.

பாம்புச்செவியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒத்திகையில் ஐந்து, ஐந்து, நான்கு. குறைந்தது எட்டு வாங்கினால்தான் மானம் தப்பும். எட்டு வாங்க வழியே இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் கிழித்துப் போட்ட ஸ்பீக்கர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்று வேடிக்கை பார்ப்பது போல் இருந்தது.

டங்.

டாக்டர் ஊசியை இறக்கினாள். வயலின். பித்தளைத் தாளம்.

ஐந்து நொடி. பத்து நொடி. பாம்புச்செவியார் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். உதடு ஏதோ சொல்லப் போனது. சட்டென்று நின்றது. காது மடல் இரண்டும் விறைத்தன.

கேட்டுவிட்டது!

எது, எங்கே, எப்படி என்று இப்போது கேட்காதீர்கள். கேட்டுவிட்டது, அவ்வளவுதான். முகத்தில் விளக்கு ஏற்றினது போல் ஒரு வெளிச்சம்.

"ஆஃப்!" என்றார் அடித்துச் சொல்கிற குரலில்.

டாக்டர் எழுதிக்கொண்டாள்.

டங். இரண்டாவது சுற்று. வயலின் முழுக்க ஓடி முடியும்வரை காத்திருந்தார். "ஆன்!"

டங். மூன்றாவது. "ஆஃப்!" நான்காவதும் "ஆஃப்!" ஐந்தாவது, "ஆன்!"

எடிட்டர் வார பலன்காரரின் காதோரம் குனிந்தார். "உங்களுக்கு ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

"எனக்குப் பாட்டே ஒண்ணுதான்னு தோணுது."

"எனக்கும்தான். ஆனா மனுஷன் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா சொல்றாரே!"

"உஷ்" என்றாள் டாக்டர். அவள் புருவமும் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. குத்துமதிப்பாகச் சொல்கிறவர்களை அவள் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறாள். அவர்கள் இழுப்பார்கள், முனகுவார்கள், இன்னொரு தடவை போடச் சொல்வார்கள். இவரிடம் அதெல்லாம் இல்லை.

பத்தாவது சுற்று முடிந்தபோது பாம்புச்செவியார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வார பலன்காரரின் புன்னகை கொஞ்சம் சுருங்கியிருந்தது.

டீச்சர் வந்தார். முகம் சிவந்திருந்தது. தாளை நீட்டினார். ஓரம் விட்டு, கோடு போட்டு, பத்து வரி.

டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"முதல் சுற்று. சார் சொன்னது ஆஃப். டீச்சர் போட்டது ஆன். தப்பு."

"ஒண்ணு போனா என்ன" என்றார் பாம்புச்செவியார் பெரிய மனதோடு.

"ரெண்டு. சார், ஆன். டீச்சர், ஆஃப். தப்பு. மூணு, தப்பு. நாலு, தப்பு. அஞ்சு..."

பாம்புச்செவியார் கால்மேல் போட்ட காலை இறக்கினார்.

"...ஒன்பது, தப்பு. பத்து, தப்பு." டாக்டர் தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கத்தில் ஏதாவது சரியான விடை ஒளிந்திருக்கிறதா என்று. "பத்துக்குப் பூஜ்யம்."

இசைத்தட்டு தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"பூஜ்யமா?" என்றார் எடிட்டர். "தூங்கிட்டே சொல்லியிருந்தாலும் அஞ்சு வந்திருக்குமே சார்!"

"எதிர்பாராத ஏமாற்றம்" என்றார் வார பலன்காரர் மெதுவாக. "நான் போட்டா பலிக்கும்."

பாம்புச்செவியார் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து, வெறும் ஜன்னல்களைக் காட்டினார்.

"எடிட்டர் சார், இனிமே மறைக்கறதுக்கு என்ன இருக்கு? அன்னிக்கு நான் கேட்டது பெட்டியை இல்லை. திரையைத் துவைக்கப் போட்டிருந்தாங்க. அதனால சத்தம் தெளிஞ்சுது. நான் பெட்டிக்குப் பேர் வாங்கிக் கொடுத்துட்டேன். வயசான காதுக்கு அந்தப் பெட்டி எதுவும் செய்யாது. துணியை எடுத்துட்டு, நாற்காலியை ரெண்டடி முன்னால போட்டாலே போதும். எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். இதை நானே எழுதிடறேன்."

எடிட்டர் முதல் தடவையாகக் கைக்கடிகாரத்தை விட்டு மனிதரைப் பார்த்தார். "அதுவே கடைசிப் பத்தியா இருக்கட்டும் சார். நல்லபடியா விடை பெத்துக்குங்க. அரைப் பக்கம் தாராளமா எடுத்துக்குங்க."

"இந்த வாரம் மட்டும்தானே?" என்றார் வார பலன்காரர்.

"ஒரு நிமிஷம்."

டீச்சரின் குரல். முப்பத்து மூன்று வருடம் நாற்பது பிள்ளைகளை ஒரே சொல்லில் உட்கார வைத்த குரல். எடிட்டரே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் மட்டும் எழுந்து நின்றாள்.

"ஒருத்தருக்கு எதுவுமே கேட்கலை. காசைச் சுண்டிப் பதில் சொல்றார். பத்துக்குப் பத்து வர வாய்ப்பு எவ்வளவு?"

"ஆயிரத்து இருபத்து நாலுல ஒண்ணு டீச்சர்" என்றாள் டாக்டர். மணிக்கட்டைப் பார்க்காமலே சொன்னாள்.

"பத்துக்குப் பூஜ்யம் வர?"

டாக்டர் வாயைத் திறந்தாள். மூடினாள். கண்கள் விரிந்தன.

"அதுவும்... அதேதான் டீச்சர். ஆயிரத்து இருபத்து நாலுல ஒண்ணு."

"ஆகவே?"

"ஆகவே... காது கேட்காதவங்களால பூஜ்யம் வாங்க முடியாது!"

"உட்காரு." டீச்சர் எடிட்டர் பக்கம் திரும்பினார். "சரியா தப்பான்னு பத்துக் கேள்வி கொடுக்கறேன். ஒண்ணும் படிக்காத பையன் அஞ்சு வாங்குவான். ஒருத்தன் பத்தையும் தப்பா எழுதியிருக்கான்னா அவன் மக்கு இல்லை. பத்துக்கும் விடை தெரிஞ்சவன். எதையோ தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டவன். அவ்வளவுதான்."

டாக்டர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தாள்.

"இப்படி இருக்கலாம் சார்! சூப்பர் ட்வீட்டர் உச்சத்துல மட்டும் பாடாது, கொஞ்சம் கீழேயும் கசியும். அந்தக் கசிவு ஸ்பீக்கரோட சத்தத்துக்கு எதிர்த்திசையில இருந்தா, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். உங்களுக்குக் கேட்கிற மினுமினுப்பே குறையும். அதனால பெட்டி ஆஃப்ல இருக்கும்போது நல்லா கேட்டிருக்கு, நீங்க அதை ஆன்னு சொல்லிட்டீங்க! பத்துத் தடவையும்! அடேயப்பா, இது காதா, தராசா?"

"எனக்கு அப்படி எதுவும்..." என்று ஆரம்பித்தார் பாம்புச்செவியார்.

"உங்களுக்கே தெரியாது சார்! மூளை கேட்டிருக்கு!"

எடிட்டரின் கண்ணில் தலைப்பு எழுத்துகள் ஓட ஆரம்பித்துவிட்டன. "வயதான காதுக்குச் சூப்பர் ட்வீட்டர் உதவாது, உபத்திரவம்! பத்துக்குப் பூஜ்யம் வாங்கி நிரூபித்தார் பாம்புச்செவியார்! சார், முழுப் பக்கம். அட்டையில உங்க காது. பெரிசா, ஒத்தைக் காது!"

"முழுப் பக்கமா?" வார பலன்காரர் எழுந்துவிட்டார். "அப்ப பலன்?"

"இந்த வாரம் பன்னிரண்டு ராசிக்கும் சேர்த்து ஒரே பலனாப் போட்டுக்குங்க. எதிர்பாராத ஏமாற்றம். அதான் தயாரா இருக்கே."

ஐந்து மணிக்கு எல்லாரும் கிளம்பினார்கள். பத்தி பிழைத்தது மட்டுமில்லை, இரட்டிப்பாக வளர்ந்திருந்தது. டாக்டர் வாசலில் தயங்கி நின்றாள்.

"டீச்சர், வெந்நீர்ல உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளிச்சுக்குங்க. சமையலறையில ரொம்பச் சிரமப்பட்டீங்க. அப்புறம், அடுத்த வாரம் இருபது சுற்று வெச்சுப் பார்க்கலாமா? எங்க சங்கத்துல கட்டுரையா வாசிக்கணும்."

"அவருக்கு ஓய்வு வேணும்" என்று டீச்சர் கதவைச் சாத்தினார்.

திரும்பினால், பாம்புச்செவியார் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். ஜெயித்தவர் முகம் மாதிரியே இல்லை.

"ஏன் டீச்சர் என்னைக் கவுக்கப் பார்த்தே?"

"நானா?"

"நீதான்! கடைசியில கணக்குப் போட்டுத் தூக்கி நிறுத்தினே, சரி. முதல்ல குழி தோண்டினது யாரு? பத்துச் சுற்றும் ஒருத்தனை நம்ப வெச்சு..."

"நல்லா இருக்கே கதை!" டீச்சருக்குக் குரலே கட்டியிருந்தது. கரகரத்தார். "முப்பத்து மூணு வருஷத்துல ஒரு பிள்ளைக்குக்கூட நான் விடை சொல்லிக் கொடுத்தது கிடையாது. இன்னிக்கு, நான் கையும் களவுமாப் பிடிச்ச பொண்ணு பக்கத்து அறையில இருக்கா, நான் கதவுக்குப் பின்னால உட்கார்ந்து உங்களுக்கு விடை சொல்றேன். எதுக்கு? இன்னொரு வாரம் நீங்க என் சமையலறை வாசல்ல நாற்காலி போட்டா நான் காசி, கயான்னு கிளம்ப வேண்டியதுதான். அதுக்காக. ஆன் போட்டப்பெல்லாம் ஒரு இருமல். ஆறு ஆன், ஆறு இருமல். ஆஃப் போட்டா மூச்சுக் காட்டலை. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்! உங்களுக்கு அது காதுல விழலையா?"

பாம்புச்செவியார் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"விழுந்துது டீச்சர். ஆறும் விழுந்துது. நான் கேட்டதே அதைத்தானே! வேற எதுவும் கேட்கலை."

"பின்னே ஏங்க அத்தனையும் மாத்திச் சொன்னீங்க?"

"கல்யாணமான நாள்லேருந்து" என்றார் அவர், ரொம்பப் பரிதாபமாக, "நாலு பேர் நடுவுல நான் எதையாவது சொல்ல வாயைத் திறக்கும்போது பின்னாலேருந்து நீ இருமுவே. அப்படின்னா என்ன அர்த்தம்? 'அதைச் சொல்லாதீங்க, மாத்துங்க'ன்னு அர்த்தம். முப்பத்தெட்டு வருஷமா நானும் மாத்திட்டு வர்றேன். இன்னிக்குப் பத்துத் தடவையும் என் நாக்கு நுனியில 'ஆன்'தான் இருந்துது. நீ ஆறு தடவை இருமினே."